போட்டிக்குப் போவதா, வேலையைப் பார்ப்பதா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, தடுப்பூசி எடுத்துச் செல்லும் குளிர்பெட்டிக்குள் வெப்பநிலை மாறினால் உடனே எச்சரிக்கும் ஒரு சிறு கருவியைச் செய்திருக்கிறோம். கடந்த ஒரு வருடத்தில் பல ஸ்டார்ட்அப் போட்டிகளில் கலந்துகொண்டோம். ஒரு முறை இரண்டாம் பரிசு கிடைத்தது. மற்ற இடங்களில் சான்றிதழும் கைதட்டலும்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது போய்விடுகிறது. கூட்டாளிகளில் ஒருவர் இது வெறும் நேர விரயம் என்கிறார். இன்னொருவர், ஒரு பெரிய போட்டியில் ஜெயித்துவிட்டால் முதலீடு தானாக வரும் என்கிறார். அடுத்த மாதம் நடக்கும் ஒரு பெரிய போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறோம். போகலாமா? போனால் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

பதில்: நேர விரயம் என்பவர் பக்கம்தான் நான் கொஞ்சம் சாய்வேன். ஆனாலும் அடுத்த மாதம் போய்விட்டு வாருங்கள்.

முதலில் அந்த 'தானாக வரும்' கணக்கைப் பார்த்துவிடலாம். 2008-ல் டெக்கிரஞ்ச்50 என்ற அமெரிக்க ஸ்டார்ட்அப் போட்டி மேடையில், இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க உதவும் டிராப்பாக்ஸ் வந்து நின்றது. அந்த வருடம் முதல் பரிசு யாம்மர் என்ற அலுவலக உரையாடல் சேவைக்குப் போனது. அதற்காக டிராப்பாக்ஸ் ஒன்றும் சுருண்டு படுத்துவிடவில்லை, 2018-ல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. ஆனால் இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த மேடை ஏறுவதற்கு முன்பே டிராப்பாக்ஸ், புது நிறுவனங்களுக்குப் பணமும் பயிற்சியும் தரும் ஒய் காம்பினேட்டர் வழியாக வந்து, சிகோயா என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் பணத்தையும் வாங்கியிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் போட்டியில் 1998-ல் இறுதிச் சுற்று வரை போய், பரிசு வாங்காமல் திரும்பியது, இணையதளங்களை வேகமாகத் திறக்க வைக்கும் அகமாய். அடுத்த வருடமே அது பங்குச்சந்தையில் இருந்தது. ஜெயித்துப் பெரிதானவர்களும் இல்லாமல் இல்லை. 2009-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் போட்டியில் வென்றது, இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர். ஆக, சில நிமிடம் கேட்டுவிட்டு நடுவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது. உங்கள் இரண்டாம் பரிசுக்கும் இது பொருந்தும்.

சரி, பிறகு எதற்குப் போவது? இதை எந்தப் போட்டிக்கும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மூவரும் உட்கார்ந்து ஒரே வரியில் எழுத வேண்டும். 'பரிசு' என்று எழுதக் கூடாது, அது உங்கள் கையில் இல்லை. 'தடுப்பூசிக் கிடங்கை நிர்வகிக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேச வேண்டும்', 'சோதனை ஓட்டத்துக்கு ஒரு மருத்துவமனையைப் பிடிக்க வேண்டும்' என்கிற மாதிரி எழுதுங்கள். எழுதிவிட்டு நடுவர்கள் பட்டியலையும் ஸ்பான்சர்களையும் பாருங்கள். மருத்துவத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்கூட ஒருவரும் இல்லை, எல்லோரும் செயலி விற்றுப் பணம் பண்ணியவர்கள் என்றால், பரிசுத்தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடலாம். நீங்கள் இதுவரை போன போட்டிகளையும் இப்படி ஓட்டிப் பாருங்கள். பாதி அடிபட்டுப் போகும் என்று நினைக்கிறேன்.

போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெரும்பாலான குழுக்கள் பயப்படும் பகுதிதான்: நடுவர்கள் கேள்வி கேட்கும் நேரம். உங்கள் பொருளைப் பற்றி எதுவும் தெரியாத, ஆனால் தொழில் தெரிந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் அதைக் குடைகிறார்கள். காசு கொடுத்தாலும் இது எளிதில் கிடைக்காது. அதனால் குழுவில் ஒருவர் பதில் சொல்லவே கூடாது. ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வதுதான் அவர் வேலை. நம் வார்த்தையில் எழுதினால் கேள்வி நமக்குச் சாதகமாக மாறிவிடும்.

உங்கள் கருவியையே எடுத்துக்கொள்வோம். 'தடுப்பூசிக் குப்பியிலேயே சூடு பட்டால் நிறம் மாறும் லேபிள் இருக்கிறதே, உங்கள் கருவி எதற்கு?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை என்றால் தகுந்த நடுவர் முன்னால் நீங்கள் இன்னும் நிற்கவில்லை. இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அந்த லேபிள் சூட்டைத்தான் காட்டும், உறைந்துபோனதைக் காட்டாது. பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டிய தடுப்பூசிகளில், ஹெபடைட்டிஸ் பி போன்ற சில உறைந்தாலே வீணாகிவிடும். இந்தப் பதிலை மேடையில் தடுமாறித் தடுமாறிச் சொன்னீர்கள் என்றால், அது உங்கள் பிட்சில், அதாவது மேடை விளக்கத்தில், மூன்றாவது ஸ்லைடாக இருந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரே கேள்வி மூன்று இடங்களில் வந்தால், உங்கள் விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது, அல்லது பொருளிலேயே இருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பதற்கு இரண்டு வாரம் செலவானால் அது விரயம் இல்லை.

'உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிக்கு விண்ணப்பித்தீர்களா?' என்று, அதாவது தரத்தைச் சோதித்து அது தரும் ஒப்புதலைப் பற்றி, ஒருவர் கேட்டால் திணறாதீர்கள், உள்ளே சந்தோஷப்படுங்கள். அவருக்கு அந்த உலகம் தெரியும். 'இல்லை, எப்படிப் போவது என்று உங்களிடம் கேட்கலாமா?' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். மதிப்பெண் குறையலாம், குறையட்டும்.

ஸ்லைடு அழகுபடுத்துவது பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து பெரிதாக இருக்கட்டும். இணையம் இல்லாமலும் டெமோ ஓடட்டும். அதுவும் ஓடாவிட்டால் காட்ட ஒரு வீடியோ கையில் இருக்கட்டும். மதிப்பெண் எதற்கெல்லாம் போடுகிறார்கள் என்பதைப் பல போட்டிகள் முன்பே வெளியிடுகின்றன, அதைப் படிக்காமலே மேடை ஏறுபவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம். எல்லாப் போட்டிக்கும் பொதுவான ஒரு விண்ணப்பப் பதிலும் ஸ்லைடும் தயாராக இருந்தால், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் மூன்று நாளாகக் குறையும். முழுக் குழுவும் இதில் உட்கார வேண்டியதும் இல்லை.

அப்புறம் ஆட்கள். முடிவு அறிவித்ததும் எல்லோரும் நடுவர்களைச் சூழ்ந்துகொள்வார்கள், அவர்கள் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். அதற்கு முன்பே, இடைவேளையில், உங்களைக் கடினமாகக் கேட்டவரிடம் போய் ஒரே ஒரு சந்தேகம் கேளுங்கள். மறுநாளே நாலு வரியில் மெயில்: அவர் கேட்ட கேள்வி, நீங்கள் யோசித்த பதில், ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று இன்னொரு மெயில். இந்த இரண்டாவது மெயிலை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. முதலீட்டாளர்கள் கவனிப்பதும் அதைத்தான், ஏனென்றால் ஒரு குழு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை அவர்களால் ஒரே நாளில் பார்க்க முடியாது. பக்கத்து ஸ்டாலில் நிற்கும் குழுக்களையும் விட்டுவிடாதீர்கள். சென்சார் எங்கே வாங்குவது, எந்தச் சோதனைக்கூடம் வேகமாகச் சான்று தரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பரிசுத் தொகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சில போட்டிகள் பணத்தைச் சும்மா தருகின்றன. சில, பணத்துக்குப் பதிலாக உங்கள் நிறுவனத்தில் பங்கு கேட்கும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த 43நார்த் போட்டி, ஜெயித்தவர்களுக்கு முதலீடு கொடுத்து 5 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை, வெளிப்படையாகத்தான் சொன்னார்கள். ஆனால் விதிமுறையைப் படிக்காமல் மேடையில் பெரிய காசோலை அட்டையோடு சிரித்துவிட்டு, பிறகு ஒப்பந்தத்தைப் பார்த்து முழிக்கக் கூடாது. ஊரையே மாற்றச் சொல்கிறார்களா, பணத்தைத் தவணையாகத் தருகிறார்களா, 'கிளவுட் கிரெடிட்' (இணையச் சர்வர் வாடகையில் மட்டும் கழித்துக்கொள்ளும் தொகை) போன்ற நீங்கள் பயன்படுத்தாத பொருளாகத் தருகிறார்களா என்பதையும் கேளுங்கள்.

அடுத்த மாதத்துக்கு என் யோசனை இதுதான். விரயம் என்று சொல்லும் கூட்டாளி வர வேண்டாம், அவர் கருவி வேலையைத் தொடரட்டும். நீங்கள் இருவர் போங்கள், ஒருவர் பேசவும் ஒருவர் எழுதவும். போட்டித் தேதிக்குள் ஒரு கிடங்கிலாவது கருவியை வைத்துப் பார்த்து, அந்த அளவீட்டோடு மேடை ஏறுங்கள். அதன் பிறகு, அங்கே எழுதிக்கொண்ட கேள்விகளுக்கு வேலை செய்து முடிக்கும் வரை வேறு போட்டி எதுவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. ஒரு வருடமாக மேடை மேடையாகக் காட்டியிருக்கிறீர்கள். காப்புரிமை விண்ணப்பம் போட்டீர்களா? கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொதுமேடையில் சொல்லிவிட்டால், ஐரோப்பா உட்படப் பல இடங்களில் அது புதியது அல்ல என்றாகிவிடும், காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் முதலில் வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருட அவகாசம் உண்டு. உங்களுக்கு அதுவும் முடியும் தறுவாயில் இருக்கலாம். எந்த மேடையில், எந்தத் தேதியில், உள்ளே என்ன இருக்கிறது என்பதை எவ்வளவு தூரம் விளக்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பழைய ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு காப்புரிமை வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். பிட்ச் பழகுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.