வெட்டி ஒட்டி: குடம் சாயாமல் நடக்கணும், மேடம்

செமஸ்டர் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். இந்த மாதம் முக்கால்வாசிக் கேள்விகள் மியூசிக் வீடியோவும் கேம் டிரெய்லரும்தான். சாலிகிராமத்தில் ஒரு டீக்கடைக்கு மேலே எடிட் அறை வைத்து இருபத்தைந்து வருடமாகப் பாட்டும் டிரெய்லரும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு வகுப்பும் உண்டு. பதில்கள் அந்த இரண்டு இடத்திலிருந்தும் வருபவை.

கேள்வி: செமஸ்டருக்கு மூன்று நிமிட மியூசிக் வீடியோ. நண்பன் எழுதிய பாட்டில் மழை, ஜன்னல், கடைசிப் பேருந்து, அணைந்த விளக்கு எல்லாம் வருகிறது. ஒன்றுவிடாமல் ஷூட் செய்தோம். முதல் ரிவ்யூவில் எங்கள் ஆசிரியர், "பவர்பாயின்ட் மாதிரி இருக்கு" என்றார். என்ன தவறு? (மூன்றாமாண்டு மாணவி, கோவை)

ஒன்றுவிடாமல் ஷூட் செய்ததுதான்.

கோபப்படாதீர்கள், நானும் இதைச் செய்து வாங்கிக்கட்டிக்கொண்டவள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆல்பம் பாட்டு வெட்டினேன். வரியில் பூ வரும்போதெல்லாம் பூவை வைத்தேன். மொத்தம் பதினோரு பூ. பார்த்து முடித்த பாடலாசிரியர் எழுந்து நின்று, "பூன்னு நான் எழுதினது கேக்கறவங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று ராத்திரி பத்து பூவைத் தூக்கினேன்.

உங்கள் பாடப் புத்தகத்தில், மியூசிக் வீடியோவை ஆராய்ந்து எழுதிய ஆண்ட்ரூ குட்வின் பெயர் வந்திருக்கும். 1992-ல் அவர் எழுதியதைத்தான் இன்றும் வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். படம் பாட்டின் வரியை அப்படியே காட்டலாம், வரி சொல்லாததைச் சேர்த்துக் கனமாக்கலாம், வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் வேறு பக்கம் போகலாம். நீங்கள் மூன்று நிமிடமும் முதல் வகையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

இரண்டாவது வகைக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. 2017 ஜனவரியில் வந்த சென்னைப் புறம்போக்குப் பாடல். டி.எம். கிருஷ்ணா பாடுகிறார், கபேர் வாசுகி எழுதியது, ரதீந்திரன் பிரசாத் இயக்கம். சபாவில் கேட்டுப் பழகிய ராகங்கள், பின்னால் எண்ணூர்க் கழிமுகமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும். மெட்ராஸ் பேச்சுத் தமிழில் போகிற வரிகள் ஒரு கனம் என்றால், அந்த ராகத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது இன்னொரு கனம். சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பாதிதான்.

வரியே வேண்டாம், தாளத்தை மட்டும் பிடிக்கலாம் என்றால் 2002-ல் கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து எலக்ட்ரானிக் இசை ஜோடிக்காகப் பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோண்ட்ரி எடுத்த 'ஸ்டார் கிட்டார்' இருக்கிறது. ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சி, அவ்வளவுதான். பாடகர் இல்லை, கதை இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தால்தான் பிடிபடும்: ஒவ்வொரு தாள அடிக்கும் (பீட்) ஒரு தூண், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கட்டடம். பிரான்சில் நீம், வலான்ஸ் ஊர்களுக்கு நடுவே அதே ரயில் பாதையைப் பத்துமுறை, நாளின் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். அதற்கும் முன்னால் கட்டம் போட்ட தாளில் பாட்டை எழுதி, ஆரஞ்சுப்பழம், ஃபோர்க், டென்னிஸ் ஷூ என்று வரிசையாக அடுக்கி ஒத்திகை பார்த்திருக்கிறார்.

நீங்களும் எட்டாம் வகுப்புக் கிராஃப் நோட்டு ஒன்று வாங்குங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடிக்கு 0.6 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேமில், அதாவது 25 தனித்தனிப் படமாக எடுத்தால் அடிக்குச் சரியாக 15 ஃபிரேம். ஒரு கட்டம் ஒரு அடி. பல்லவி எங்கே, இடையிசை எங்கே, சரணம் எங்கே என்று பென்சிலால் பிரித்துவிட்டு, எடுத்த ஷாட்களை அதன் மேல் எழுதுங்கள். அப்புறம் மழை ஷாட்டை மழை வரியிலிருந்து தூக்கி இடையிசையில் போடுங்கள். மழை வரியில் நண்பனின் முகம் மட்டும் இருக்கட்டும். மறுபடி ஷூட் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். எடுத்ததெல்லாம் வீணில்லை, இடம்தான் தவறு.

இன்னொன்று. எல்லா அடியிலும் வெட்டாதீர்கள். கல்யாண வீடியோ ஆகிவிடும்.

கேள்வி: கொள்ளிடம் மணலில் பாட்டு ஷூட் செய்தோம். மொபைல் கேமரா, ப்ளூடூத் ஸ்பீக்கர். க்ளோஸ்-அப்பில் உதடு சரியாகப் பொருந்துகிறது. தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டில் மட்டும் பொருந்தவில்லை. மொபைல் கோளாறா? (இரண்டாமாண்டு மாணவர், திருச்சி)

மொபைல் பாவம், விட்டுவிடுங்கள். இது ஒலி நடந்து வருகிற நேரம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் என்பது விநாடியின் 25-ல் ஒரு பங்கு. அதற்குள் ஒலி 14 மீட்டர் மாதிரிதான் வந்திருக்கும். ஸ்பீக்கர் பாடுகிறவர் காலடியில், கேமரா 50 மீட்டர் தள்ளி என்றால், வாய் அசைந்து கிட்டத்தட்ட நான்கு ஃபிரேம் கழித்துத்தான் சத்தம் உங்கள் மொபைலுக்கு வந்து சேர்ந்திருக்கும். எடிட்டில் அந்தச் சத்தத்தின் அலையைப் பாட்டின் அலையோடு பொருத்தியிருப்பீர்கள். சத்தம் பொருந்திவிட்டது, உதடு முந்திவிட்டது. அந்த ஷாட்டின் படத்தை மட்டும் நான்கு ஃபிரேம் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஸ்பீக்கர் கேமராப் பக்கம் இருந்திருந்தால் கணக்கு தலைகீழ்: பாடுகிறவருக்கே பாட்டு தாமதமாகக் கேட்டிருக்கும், படத்தை முன்னால் இழுக்க வேண்டும்.

சினிமாப் பாட்டு ஷூட்டிங்கில் பாட்டை ஓடவிடும் கருவிக்கு 'நாக்ரா' என்று பெயர். அது சுவிட்சர்லாந்து டேப் ரெக்கார்டரின் பெயர். அந்த டேப் எல்லாம் போய் லேப்டாப் வந்த பிறகும் ஸ்பாட்டில் 'நாக்ரா' என்ற குரல் மட்டும் ரொம்ப நாள் போகவில்லை.

ஷாட் தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகுகிறது என்றால் அது வேறு வியாதி. பல மொபைல்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: மகள் ஏ லெவலுக்கு (நம்மூர் ப்ளஸ் டூ மாதிரி) மீடியா ஸ்டடீஸ் எடுத்திருக்கிறாள். கணக்கு எடுப்பாள் என்று நானும் கணவரும் நினைத்திருந்தோம். இப்போது வீட்டுக் கராஜில் விளக்குக் கட்டி மியூசிக் வீடியோ எடுக்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா? (ஒரு தாய், ஹாரோ, லண்டன்)

சகோதரி, அங்கே இந்தப் பாடத்தில் 70 சதவீதம் எழுத்துத் தேர்வு, 30 சதவீதம்தான் கராஜ். அந்த முப்பதுக்கும் சும்மா கேமராவைத் தூக்க முடியாது. என்ன செய்யப்போகிறேன், யாருக்காக, ஏன் என்று சுமார் 500 சொல்லில் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டு வேறொருவருடையதாக இருக்கலாம், காட்சி அவள் எடுத்ததாக இருக்க வேண்டும். தம்பியை நடிக்க வைக்கலாம், மார்க் அவள் வேலைக்கு மட்டும். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத எல்ஸ்ட்ரீயில், 1975-ல் குயின் என்ற ராக் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'க்கான படத்தை நான்கைந்து மணி நேரத்தில் எடுத்து முடித்தார்கள். இருட்டில் நான்கு முகம், மேலே வெளிச்சம். இன்றும் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். கராஜுக்கு ஒரு கறுப்புத் துணி வாங்கிக் கொடுங்கள்.

கணக்கு பற்றிக் கவலை வேண்டாம். மேலே கோவை மாணவிக்கும் திருச்சி மாணவருக்கும் எழுதியதில் பாதி கணக்குதான்.

கேள்வி: எங்கள் குழுவுக்குக் கேம் டிரெய்லர் வந்திருக்கிறது. கேம் எதுவும் கிடையாது, கற்பனைதான். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம். கதை எழுதி, கனத்த குரலில் வாய்ஸ்ஓவர் பதிந்து, இடி மின்னல் எல்லாம் சேர்த்தோம். சினிமா டிரெய்லர் மாதிரி இருக்கிறது, கேம் மாதிரி இல்லை என்கிறார்கள். (இரண்டாமாண்டு மாணவர், மதுரை)

தம்பி, போன வருடம் என் வகுப்பிலேயே இது நடந்தது. நாலு பிள்ளைகள். சென்னைத் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி ஒரு கேம் என்றார்கள். டிரெய்லரைப் போட்டார்கள். வறண்ட ஏரி, வெடித்த நிலம், "ஒரு காலத்தில்..." என்று ஒரு குரல், நாற்பது விநாடி ஓடியது. நிறுத்தச் சொல்லி, "விளையாடறவர் எந்தப் பட்டனை அழுத்துவார்?" என்று கேட்டேன். அறை அமைதி. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசைப் பெண், அதுவரை பேசாதவள், மெதுவாகச் சொன்னாள்: "லாரித் தண்ணி பிடிச்சுட்டு குடம் சாயாம வீட்டுக்கு நடக்கணும், மேடம்."

இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். ஸ்பீட் பிரேக்கர், நாய், சைக்கிள். திரையின் ஓரத்தில் குடத்து நீர்மட்டம். கேம் அங்கேதான் இருந்தது, டிரெய்லரில் அதைத் தவிர எல்லாம் இருந்தது.

சினிமா டிரெய்லர் பார்க்கிறவரிடம் 'என்ன நடக்கும்?' என்ற ஆவலைக் கிளப்பும். கேம் டிரெய்லர் பார்க்கிறவர் 'இதில் என் கை என்ன செய்யும்?' என்று கேட்பார். 2011 பிப்ரவரியில் 'டெட் ஐலண்ட்' என்ற கேமுக்கு ஒரு டிரெய்லர் வந்தது. கிளாஸ்கோவில் இருந்த ஆக்சிஸ் அனிமேஷன் செய்தது. தீவு விடுதியில் ஒரு குடும்பம், ஒரு சிறுமி, நடந்ததெல்லாம் பின்னோக்கி ஓடும். கான் விளம்பர விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கியது. இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த வருடம் செப்டம்பரில் கேமை வாங்கியவர்கள் கையில் கிடைத்தது கட்டையும் கத்தியும் தேடி எடுத்து ஜோம்பிகளை அடிக்கிற விளையாட்டு. டிரெய்லரின் துக்கம் அதில் இல்லை. படமாக அதற்கு நூறு மார்க் போடுவேன். கேம் டிரெய்லராக, பாதி.

இதற்கு எதிர்ப்பக்கம் 'வெண்பா'வைப் பாருங்கள். 2023 ஜூலை கடைசியில் வந்தது, டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். கதை கண்கலங்க வைக்கும். ஆனால் கை செய்வது சமையல்: அழிந்தும் கறைபட்டும் போன அம்மாவின் குறிப்பு நோட்டைப் பார்த்து, இட்லிப் பானையில் எது மேலே எது கீழே என்று யூகித்து அடுக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். 8 ஜிபியில் முப்பரிமாணக் கோட்டை கட்டப் போனால் ஃபேன் அழும். புள்ளி புள்ளியாக வரைகிற பிக்சல் ஆர்ட் போதும். 320-க்கு 180 என்ற அளவில் வரையுங்கள். ஆறு மடங்கு பெருக்கினால் 1920-க்கு 1080, ஒரு புள்ளிகூட உடையாது. பெருக்கும்போது புள்ளியை மழுப்பாத 'நியரஸ்ட் நெய்பர்' வகையைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் ஏற்றுகிற பிரதியைப் பன்னிரண்டு மடங்கில் எடுத்தால் விளிம்பு இன்னும் கூர்மையாக நிற்கும். கோடோ என்ற, கேம் உருவாக்கும் இலவச மென்பொருளில் ஒரே ஒரு தெருவை நிஜமாகவே ஆடும்படி செய்துவிடுங்கள். முழு கேம் வேண்டாம், இருபது விநாடி ஆடினால் போதும். என் பிள்ளைகள் செய்தது ஒன்றரைத் தெரு.

திரையில் ஓடுவதைப் பதிவு செய்யும் ஓ.பி.எஸ் மென்பொருளில் 60 ஃபிரேமில் பதிவு செய்து 30-ல் எடிட் செய்யுங்கள். சினிமா ஆசையில் 24-க்குப் போகாதீர்கள். 60-ஐ 24-ஆல் வகுத்தால் முழு எண் வராது, நடை தத்தும். பதிவு செய்யும்போது கேமின் இசையை அணைத்துவிடுங்கள், காலடிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் இசை தெறிக்கும். முதல் ஐந்து விநாடிக்குள் குடம் ஒருமுறை சாய வேண்டும். குழுவின் பெயர், கல்லூரி முத்திரை, நன்றி அட்டை எல்லாம் கடைசிக்கு. எச்.ஓ.டி. கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

வாய்ஸ்ஓவர்? எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகளின் கடைசிப் பிரதி 45 விநாடி. ஒரு குரலும் இல்லை. கதவு திறக்கிறது, அம்மாவின் கை குடத்தை வாங்குகிறது, நீர்மட்டம் பாதியில் நிற்கிறது. அந்த ஓரப் பட்டையைப் பார்த்துத்தான் வகுப்பு 'ச்சே' என்றது.

கேள்வி: சினிமாப் பாட்டுக்கு நாங்கள் எடுத்த வீடியோவை யூடியூபில் போட்டதும் தடை வந்துவிட்டது. படிப்புக்காகத்தானே செய்தோம்? (மாணவர், பாளையங்கோட்டை)

நம் 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஆசிரியரும் மாணவரும் பாடத்துக்காகப் பயன்படுத்த இடம் உண்டு. அது வகுப்பறைக்கு. யூடியூபில் போட்டால் அது வெளியீடு, அங்கே பாட்டைக் கண்டுபிடிப்பது ஒரு இயந்திரம், அதற்கு உங்கள் ரோல் நம்பர் தெரியாது. ஆசிரியருக்குப் பென்டிரைவில் கொடுங்கள். வெளியே போட வேண்டுமென்றால் படைத்தவரே மற்றவர் பயன்படுத்த அனுமதி தந்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு தேடுங்கள், ஆனால் உரிமத்தில் 'என்.டி' என்ற எழுத்து இருந்தால் விட்டுவிடுங்கள். மாற்றக் கூடாது என்று அர்த்தம், பாட்டைப் படத்தோடு இணைப்பதும் அந்தக் கணக்கில் மாற்றம்தான். அதைவிடச் சுலபம், கோவை மாணவியைப் போல் ஒரு நண்பனைப் பிடித்து எழுதச் சொல்வது.

கேள்வி: என் மகன் ராத்திரி இரண்டு மணி வரை கேம் ஆடிவிட்டு, கேட்டால் "டிரெய்லருக்கு ரிசர்ச்" என்கிறான். நம்பலாமா? (ஒரு தந்தை, விருதுநகர்)

பக்கத்தில் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா. எந்த நிமிடத்தில் என்ன நடந்தது, எந்தப் பட்டனுக்கு என்ன சத்தம் வந்தது என்று நேரம் போட்டு எழுதியிருந்தால் ரிசர்ச். நோட்டு இல்லையென்றால் காலையில் கடைக்கு அனுப்பிவையுங்கள்.