கடல் முதல் கடல் வரை: எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தின் குறுக்கே போகும் 'கோஸ்ட் டு கோஸ்ட்' பாதையை ஜூனில் நடக்க இருக்கிறோம். 14 நாள் போதுமா? எந்தப் பக்கம் தொடங்குவது?

பதில்: மேற்கே செயின்ட் பீஸில் தொடங்குங்கள். 1973இல் இந்தப் பாதையை அமைத்த நடைவழி நூலாசிரியர் ஆல்ஃபிரட் வெயின்ரைட் வகுத்த திசை அதுதான். அங்கே பெரும்பாலும் மேல்காற்று. மழையும் காற்றும் முகத்தில் அறையாமல் முதுகில் படும். கிழக்கே ராபின் ஹுட்ஸ் பே வரை சுமார் 306 கி.மீ. 14 நாளில் முடிக்க நாளுக்கு 22 கி.மீ. நடக்க வேண்டும். பலர் முடிக்கிறார்கள். ஆனாலும் 16 நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கடுமையான ஏற்ற இறக்கமெல்லாம் முதல் ஐந்து நாளில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளிலேயே வந்துவிடுகிறது. கால் பழகுவதற்குள் 780 மீட்டர் உயர 'கிட்ஸ்டி பைக்' சிகரத்தில் ஏறி, ஷாப் என்ற ஊர் வரை இறங்கியாக வேண்டும். மறுநாளே கிர்க்பி ஸ்டீபனுக்கு 32 கி.மீ. அந்த ஒரு நாளை ஆர்டன் கிராமத்தில் தங்கி இரண்டாக்குங்கள். இன்னொரு நாளை ரிச்மண்டில் ஓய்வுக்கு விடுங்கள். வழியில் கடைகண்ணி உள்ள பெரிய ஊர் அதுதான். கெல்ட் போன்ற குக்கிராமங்களில் படுக்கைகள் குறைவு. அந்த இடங்களை முதலில் பதிவுசெய்துவிட்டு, மற்ற நாட்களை அதற்கேற்ப அமையுங்கள்.

கேள்வி: கோடையிலும் சேறு இருக்குமா? கொப்புளம் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: இருக்கும். கிர்க்பி ஸ்டீபனுக்குக் கிழக்கே நைன் ஸ்டாண்டர்ட்ஸ் மேட்டில் இருப்பது மக்கிய பாசி படிந்த 'பீட்' மண். பஞ்சுபோல நீரைப் பிடித்துவைக்கும். மழை விட்டு நாளானாலும் காயாது. ஒரே தடத்தில் மிதிபட்டுச் சிதைந்ததால்தான் அங்கே பருவத்துக்கு ஒன்றாக மூன்று தடங்கள் வகுத்தார்கள். பளிச்சென்ற இளம்பச்சைப் பாசியில் கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை இறங்கும். ஊன்றுகோலால் குத்திப் பார்த்து, கோரைக் குத்துகளின் அடியில் மிதியுங்கள்.

ஈரமும் உராய்வும் சேர்ந்தால்தான் கொப்புளம். பருத்தி காலுறை ஈரத்தை விடாது, கம்பளி வேண்டும். மதியம் ஒரு முறை பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து, உலர்ந்த காலுறைக்கு மாறுங்கள். குதிகாலில் 'சுருக்'கென்று சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று, துணிப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடப்பவர்களுக்குத்தான் தோல் உரிகிறது. இறக்கத்துக்கு முன் கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டினால் விரல் நுனி முன்னே போய் இடிக்காது, நகமும் கறுக்காது.

கேள்வி: வழி மாட்டு வயல்களுக்குள் போகிறதாமே?

பதில்: ஆமாம், பொதுவழி உரிமை உள்ள தடங்கள். வயல் கேட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், பார்த்தபடியே விட்டுப் போங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் புகாதீர்கள். வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். நாய் உடனிருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு குறிவைப்பது நாயைத்தான், அது ஓடித் தப்பிவிடும்.