தெரிந்தும் ஏன் தொடுகிறார்கள்? புகைப்பழக்கம்: கேள்வி-பதில்

கேள்வி: என் மகன் 'லைட்' சிகரெட்தான் பிடிக்கிறான். அதில் கேடு குறைவுதானே?

பதில்: குறைவில்லை. வடிகட்டியில் உள்ள நுண்துளைகள் இயந்திரச் சோதனையில் தார் அளவைக் குறைத்துக் காட்டுமே தவிர, புகைப்பவர் ஆழமாக இழுத்துத் தமக்கு வேண்டிய நிகோடினைப் பெற்றுவிடுவார்.

கேள்வி: படித்த பிள்ளைகளே, பெட்டியின் மேலுள்ள புற்றுநோய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டே புகைக்கிறார்கள். இவர்களுக்கு அறிவே இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது, கேட்பவரின் கோபமும் மாறுவதில்லை. அறிவு இருக்கிறது. ஆனால் 17 வயதுப் பிள்ளைக்கு நுரையீரல் புற்றுநோய் என்பது 30, 40 ஆண்டுகளுக்கு அப்பால் நிற்பது. நண்பர்கள் நீட்டும்போது மறுத்துத் தனித்து நிற்கும் கூச்சமோ இன்று மாலையே வந்து சேர்வது. பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருப்பதால், இரண்டில் எது வெல்லும் என்பதில் வியப்பில்லை. அதைவிட முக்கியமானது, நோய் வரும் முன்பே விட்டுவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் தொடங்குகிறார்கள் என்பது. புகையின் கேட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு நிகோடினின் பிடியைப் பற்றி அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. இழுத்த 10, 20 நொடிகளில் அது மூளையை எட்டிவிடுகிறது. இளையோர் சிலரிடம், தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே, சில வாரங்களிலேயே அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தோன்றிவிடுகின்றன. எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்: 'ஒன்றுதானே' என்று தொடங்காதீர்கள்.

கருகிய நுரையீரலின் படத்தை ஆண்டுக்கொரு முறை காட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று ஒதுங்கும் பெரியவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம். தொண்டை எரிச்சலை மெந்தாலாலும் கசப்பைப் பழச்சுவையாலும் மறைத்து, முதல் இழுப்பை எளிதாக்கி விற்பவர்களும் பெரியவர்களே. அமெரிக்காவில் தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்னும்போது, பழியைப் பிள்ளைகளின் அறிவின்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

கேள்வி: நான் மொட்டைமாடியில் தனியாகத்தான் புகைக்கிறேன். மகனை எப்படிக் கண்டிப்பது?

பதில்: முதலில் நீங்கள் விடுங்கள்.

கேள்வி: தேர்வுக் காலத்தில் மட்டும், மன அழுத்தம் தணிய நாளுக்கு ஒன்று. இதிலும் தவறா?

பதில்: தணிவதில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட்டின் நிகோடின் வடிந்ததால் எழுந்த தவிப்புதான். நாளுக்கு ஒன்று என்றாலும், 20 புகைப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. மறுபடியும் சொல்கிறேன், 'ஒன்றுதானே' என்னாதீர்கள்.

கேள்வி: மகள் வேப் (மின்சிகரெட்) பயன்படுத்துகிறாள். பரவாயில்லையா?

பதில்: வயது என்ன, திரவத்தில் நிகோடின் எவ்வளவு, முன்பு சிகரெட் பிடித்தவரா என்று எதையும் எழுதாமல் அனுமதி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். புகைத்திராத இளம்பெண் என்றால், பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வயது 24. ஆறு ஆண்டுகளாகப் புகைக்கிறேன். இனி விட்டுப் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கிறார். 30 வயதில் நிறுத்தியவர் அந்த இழப்பில் ஏறக்குறைய முழுவதையும் தவிர்த்துவிடுகிறார். முதல் மூன்று நாள் தவிப்பு கடுமையாக இருக்கும். சில வாரங்களில் தணியும். நாளுக்கு எத்தனை, விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நிகோடின் சூயிங்கமோ ஒட்டுப்பட்டையோ எந்த அளவில் தேவை என்பதை முடிவுசெய்ய அவர் முதலில் கேட்பது அதைத்தான்.