வாசகர் கேள்வி – பதில்: சோவியத் பியானோ இசைத்தட்டுகள்

மாமா மாஸ்கோவில் படித்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த 40 பியானோ இசைத்தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. எல்லாம் ரஷ்ய எழுத்து. பாதிக்கு மேல் ஒரே மாதிரியான பொது உறை. எது எந்த ஆண்டுத் தட்டு, யார் வாசித்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மதுரை)

உறையை மறந்துவிடுங்கள். அங்கே தொழிற்சாலைகள் அச்சடித்து வைத்திருந்த பொது உறையில் எந்தத் தட்டையும் போட்டு விற்பது வழக்கம். அதனால் உங்கள் தட்டுகள் உறையைத் தொலைத்தவை என்று வருத்தப்பட வேண்டாம். விவரம் முழுவதும் லேபிளில் இருக்கிறது.

முதலில் தட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு கால் ஊன்றிய சிறு வீடு போல ஓர் எழுத்து இருந்தால் அது ரஷ்ய ‘டி’. அந்த எழுத்துள்ள நீள்தட்டுகள் (எல்.பி.) மோனோ, அதாவது ஒரே வழி ஒலி. 1975-க்கு முந்தைய எண் வரிசை. எழுத்தை அடுத்து ஒரு சுழியம் இருந்தால் 30 செ.மீ. தட்டு, சுழியம் இல்லாவிட்டால் 25 செ.மீ. ஆங்கில ‘சி’ போலத் தெரியும் எழுத்தை ‘எஸ்’ என்று படிக்க வேண்டும், அது ஸ்டீரியோ, அதாவது இடம், வலம் என இரு வழி ஒலி. 1975-இல் புது எண் முறை வந்தது. எழுத்தை ஒட்டி இரண்டு இலக்கம் வரும். முதல் இலக்கம் இசை வகை, இரண்டாவது தட்டின் அளவு. ‘10’ என்றால் செவ்வியல் இசை, 30 செ.மீ. ‘எம்’ போன்ற எழுத்தோடு 10 வந்தால் மோனோ, ‘ஏ’ போன்ற எழுத்தோடு வந்தால் டிஜிட்டல் பதிவு.

அடுத்தது ‘கோஸ்ட்’ எனப்படும் அரசுத் தர எண். லேபிளில் பொடி எழுத்தில் 5289 என்று இருக்கும், அதன் பின்னால் ஒரு கோடும் இரண்டு இலக்கமும்: 61, 68, 73, 80, 88. அந்தத் தர விதி பிறந்த ஆண்டு அது. 5289-73 என்று இருந்தால் தட்டு அச்சானது 1973-க்கும் 80-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தர எண் சொல்வது தட்டு அச்சான காலத்தை; வாசிப்பு பதிவான காலத்தை அல்ல. பழைய ‘டி’ எண்ணும் 5289-73-உம் ஒரே லேபிளில் இருந்தால், அது பெரும்பாலும் பழைய பதிவின் மறு அச்சு. லேபிளில் நான்கு இலக்க ஆண்டு ஒன்று ‘ஸாப்பிஸ்’ என்ற சொல்லோடு வந்தால் அதுதான் பதிவான ஆண்டு. ‘1–45’ என்று கண்டால் அதை ஆண்டாகவோ நிமிடமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அது விலை: 1 ரூபிள் 45 கோபெக்.

வாசித்தவர் பெயரை அடுத்து, வட்டத்தின் நடுவே நெட்டுக்கோடு போட்ட ஓர் எழுத்தும், ஒரு சிறு கோடும், இரண்டு எழுத்தும் இருக்கும். ‘ஃபொர்த்தெப்யானோ’ என்பதன் சுருக்கம் அது. அதற்கு முன்னால் நிற்கும் பெயர்தான் நீங்கள் தேடுவது. ‘மெலோதியா’ என்ற நிறுவனப் பெயர் 1964 முதல்தான். அதற்கு முந்தைய லேபிளில் அப்ரெலெவ்கா, லெனின்கிராடு, ரீகா, தாஷ்கண்ட் என்று தொழிற்சாலைப் பெயரே முன்னால் நிற்கும்.

கடைசியாக, தட்டைச் சாய்த்துப் பிடித்து லேபிளுக்கும் தடம் முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள வெற்றுப் பகுதியில் டார்ச் அடியுங்கள். அங்கே பொறித்த எண்ணை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். லேபிள் தவறாக ஒட்டப்பட்ட தட்டுகளும் உண்டு. பொறித்த எண்ணும் லேபிள் எண்ணும் முரண்பட்டால் பொறித்ததை நம்புங்கள்.

இவற்றில் எவை அரியவை? ரிக்தர் தட்டு ஒன்றுக்குப் பெரிய விலை கேட்கிறார்கள். (கோவை)

ஸ்வியத்தோஸ்லாவ் ரிக்தர், எமில் கிலெல்ஸ் இருவரும் பியானோ மேதைகள்தான். ஆனால் அவர்கள் தட்டுகள் ஏராளமாக அச்சாயின, ஏற்றுமதியும் ஆயின. பெயருக்காக விலை கொடுக்க வேண்டாம்.

தேட வேண்டியவர்கள் நாட்டைவிட்டு அதிகம் வெளியே போகாதவர்கள். விளாதிமிர் சொஃப்ரொனீத்ஸ்கி (1901–1961) முதலில். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் மகளை மணந்தவர். மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமானது; அங்கே சொஃப்ரொனீத்ஸ்கி வாசித்தவை பல பதிவாகியிருக்கின்றன. கச்சேரிப் பதிவும் ஸ்டூடியோப் பதிவுமாக ஒரே உருப்படி பல முறை கிடைப்பதால், அவர் விஷயத்தில் தட்டு எண் இல்லாமல் பேச்சே இல்லை. மரியா யூதினா (1899–1970) அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய தட்டு எதுவானாலும் விடாதீர்கள். சமூயில் ஃபைன்பெர்க் (1890–1962) கடைசி ஆண்டுகளில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் 48 முன்னிசை–ஃபியூக் (ஃபியூக் என்பது ஒரே மெட்டு பல குரலாகத் தொடரும் உருப்படி) முழுவதையும் பதிவு செய்தார். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவு செய்த முதல் சோவியத் பியானோ கலைஞர் மரியா கிரின்பெர்க் (1908–1978). அந்தத் தொகுதி 13 தட்டு. பிரித்து விற்பவர்கள் உண்டு, எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பியானோ கலைஞர் தத்யானா நிகொலாயெவா, இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் 24 முன்னிசை–ஃபியூக்குகளை 1962, 1987, 1990 என மூன்று முறை பதிவு செய்தார். விற்பவர் ‘நிகொலாயெவாவின் ஷோஸ்தகோவிச்’ என்று மட்டும் சொன்னால் எதுவும் சொன்னதாகாது. எண்ணைக் கேளுங்கள்.

நீண்ட சுரங்கள் அலைபாய்கின்றன. பியானோவா, வயலினா என்றே சந்தேகம் வருகிறது. தட்டா, டர்ன்டேபிளா, எதில் குறை? (திருச்சி)

முள் ஓடும்போது மேலிருந்து பாருங்கள். முள்ளைத் தாங்கும் கை ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளேயும் வெளியேயும் ஊஞ்சலாடினால், நடுத்துளை மையத்தில் இல்லை. சோவியத் அச்சில் இது அடிக்கடி காணும் குறை. கை அசையாமல் சுரம் மட்டும் ஆடினால் பெல்ட்டையோ மோட்டாரையோ பாருங்கள்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, அலைச்சலும் அதே கணக்கில் வரும். துளை அரை மி.மீ. விலகியிருந்தால், மையத்திலிருந்து 100 மி.மீ. தூரத்தில் வேகம் 0.5 சதவீதம் கூடிக் குறையும். உள்ளே 60 மி.மீ.-க்கு வரும்போது அதுவே 0.8 சதவீதம், அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. கமகமும் அசைவும் உள்ள வாத்தியத்தில் இது மறைந்துவிடும். பியானோ சுரத்துக்கு அசைவே கிடையாது. அதனால்தான் காதைக் குத்துகிறது.

எளிதில் கிடைக்கும் தட்டு என்றால், மெல்லிய வட்ட அரத்தால் துளையைச் சுற்றிலும் ஒரு மி.மீ.-க்கு உட்பட்டு அகலமாக்குங்கள். தட்டைத் தளர்வாக வைத்து, கை ஆடாத இடம் வரும்வரை விரலால் தட்டித் தட்டி நகர்த்துங்கள். இரு பக்கத்தின் அச்சும் தனித்தனியே மையம் தவறியிருக்கும். திருப்பிப் போட்டால் மறுபடி நகர்த்த வேண்டும். அரிய தட்டில் அரம் படவே கூடாது. நடுக்கம்பியைக் கழற்ற முடிகிற டர்ன்டேபிள் உள்ளவரிடம் கொண்டுபோங்கள்.

1950-களின் மோனோ தட்டு. கழுவியும் கரகரப்புப் போகவில்லை. பூஞ்சையும் பிடித்திருக்கிறது. (நாகர்கோவில்)

காய்ச்சி வடித்த நீர் 800 மி.லி., ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., நிறமும் மணமும் இல்லாத பாத்திரத் திரவம் 2 சொட்டு. மென்மையான பிரஷால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசி, அரை மணி நேரம் நிறுத்திவைத்து உலர்த்துங்கள். குழாய் நீர் வேண்டாம். அதன் உப்பு தடத்தில் தங்கி, அதுவே புதுக் கரகரப்பாகிவிடும். 78 வேக அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். பழைய உள்ளுறையில் பூஞ்சை வித்து இருக்கும். தட்டைத் திரும்ப அதில் போடாதீர்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் போதும். அந்துருண்டை வேண்டாம்.

கழுவியும் போகாதது அழுக்கில்லை, தேய்மானம். முள்ளைத் தாங்கும் கனமான பிக்கப்பும் மழுங்கிய முள்ளும் தடத்தின் சுவரைச் சிதைத்திருக்கும். பக்கத்தின் முடிவில், பலமாக விழும் சுரங்களின் தொடக்கத்தில் கிழிசல் ஓசை கேட்டால் இதுதான். 18 மைக்ரான் ஸ்டீரியோ முள்ளுக்குப் பதிலாக 25 மைக்ரான் மோனோ முள் போட்டுப் பாருங்கள். அது தடத்தில் சற்று மேலே உட்காரும்; அங்கே சுவர் நல்லபடி இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. மோனோ தடத்தின் இரு சுவரிலும் ஒரே இசைதான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (முள் பொருந்திய சிறு பெட்டி) ஓட்டி, இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகக் கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்துக் கேட்பதே சுத்தம். ஒரு சுவர் மட்டும் காயம்பட்டிருந்தால் மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் ஏற்றி நண்பர்களோடு பகிர விரும்புகிறேன். எப்படிச் செய்தால் சரி? சட்டச் சிக்கல் வருமா? (சென்னை)

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பியானோவில் பல சுரங்கள் சேர்ந்து பலமாக ஒலித்தால் அந்த இடத்தில் ஒலி வெட்டுப்பட்டுவிடும். 45 நிமிட ஸ்டீரியோ சுமார் 1.5 ஜி.பி. வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக்கினால் ஏறக்குறையப் பாதி. முதல் பதிவில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். அது கரகரப்போடு சேர்த்து, சுரம் அடங்கும் வாலையும் நறுக்கிவிடும். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நகலில் செய்யுங்கள்.

கோப்போடு ஓர் எழுத்துக் குறிப்பு கட்டாயம் வேண்டும்: இரு பக்கத்தின் லேபிள் எண், பொறித்த எண், தொழிற்சாலை, தர எண், எந்த முள், என்னென்ன திருத்தம். லேபிள்களின் படமும் சேருங்கள். ‘சொஃப்ரொனீத்ஸ்கி – ஸ்க்ரியாபின்’ என்று மட்டும் பெயரிட்ட கோப்பு பத்துப் பேர் கை மாறினால், அது எந்த நாள் வாசிப்பு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சட்டத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, முதலில் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்பு. 1964-இல் முதன்முதலாக வெளிவந்ததற்கு 2024 முடிவுவரை. கணக்கு வெளியீட்டு ஆண்டுக்கு. பதிவான ஆண்டுக்கு அல்ல. 1950-களில் வாசித்து, முதன்முதலாக 1980-இல் தட்டாக வந்தது என்றால் 2040 முடிவுவரை காப்பு உண்டு. இயற்றியவரின் உரிமை தனி: அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. ஸ்க்ரியாபின் (மறைவு 1915), ரஹ்மானினோஃப் (1943), புரோகோஃபியெவ் (1953) இங்கே எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டார்கள். ஷோஸ்தகோவிச் 1975-இல் மறைந்தார். 2035 முடிவுவரை பொறுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கணக்கே வேறு: 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே 2067 பிப்ரவரி 15 வரை காப்பு. அங்குள்ள சேவையகத்தில் ஏற்றுமுன் இதை நினைவில் வையுங்கள்.

தட்டைத் தபாலில் அனுப்பும்போது உறை கிழிகிறதே? (சேலம்)

தட்டு உறைக்குள்ளேயே இருந்தால், பார்சல் விழும்போது அதன் விளிம்பு கத்திபோல் உறையின் ஒட்டை அறுக்கும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் தனியாக வையுங்கள். இருபுறமும் இரண்டிரண்டு நெளி அட்டை. ஒன்றின் வரி நெடுக்கிலும் மற்றதன் வரி குறுக்கிலும் இருக்கட்டும். அட்டை தட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. நீண்டிருந்தால் முனை மடங்கினாலும் தட்டு தப்பும். ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரே மதியத்தில் தட்டு வளைந்துவிடும்.