படம் பார்க்காதவர்கள் ஆஸ்கர் பார்க்கக் கூடாதா?

கேள்வி: ஒவ்வொரு வருடமும் ஆஸ்கர் விழாவை வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பார்ப்போம். எனக்குச் சினிமா பிடிக்கும், ஆனால் போட்டியில் இருக்கிற பத்துப் படங்களில் ஒன்றோ இரண்டோதான் பார்த்திருப்பேன். இந்த உடை நன்றாக இருக்கிறது, இந்தப் பேச்சு இழுவை, இவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஏதாவது சொல்லிக்கொண்டே பார்ப்பது என் வழக்கம். என் அண்ணன் மகன் சினிமாவைப் பாடமாகவே படித்தவன். இந்த முறை அவன், "படமே பார்க்காம கருத்து மட்டும் சொல்லாதீங்க அத்தை, எரிச்சலா இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். என் கணவரோ, "இதுவே ஒரு அறுவை நிகழ்ச்சி, யாருக்குக் கிடைச்சதுன்னு மறுநாள் பார்த்தா போதாதா" என்கிறார். அடுத்த வருடம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா, இல்லை பார்ப்பதையே விட்டுவிடவா? – ஒரு வாசகி

பதில்:

வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம், பார்ப்பதை விடவும் வேண்டாம். அடுத்த வருடமும் தாராளமாக உட்கார்ந்து பாருங்கள், பேசுங்கள். உங்கள் மருமகன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் அவன் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறான், முதலில் அதைப் பிரித்துவிடலாம்.

நீங்கள் சொல்கிற கருத்துகளில் பாதிக்கு மேல் அந்த விழாவைப் பற்றியவை. பேச்சு இழுவை, நடுவில் வந்த பாட்டு நன்றாக இருந்தது, தொகுப்பாளர் சொன்ன நகைச்சுவை எடுபடவில்லை, இதெல்லாம் ஒரு டிவி நிகழ்ச்சி எப்படி இருந்தது என்கிற கருத்து. இதைச் சொல்ல ஒரு படம்கூடப் பார்த்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் அந்த நிகழ்ச்சியே வீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்காகத்தான் நடத்தப்படுகிறது. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் சுமார் 270 பேர் சாப்பிட்டார்கள், விருது கொடுத்து முடிக்க ஏறக்குறைய 15 நிமிடம் ஆனது, யாருக்கு விருது என்பது மூன்று மாதம் முன்பே எல்லோருக்கும் தெரியும். தங்களுக்குள் கூடிக் கொண்டாடிய விருந்து அது. அடுத்த வருடம் வானொலி வந்தது, 1953-இல் டிவி வந்தது. அதற்கப்புறம் மேடை அலங்காரம், விளம்பர இடைவேளை, யார் எப்போது வர வேண்டும், எத்தனை விநாடியில் இசையைப் போட்டுப் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது வரை எல்லாமே கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை மனதில் வைத்து முடிவாவதுதான். விழா நடக்கிற டால்பி தியேட்டரில் ஒரு நடிகர் எழுந்து வெளியே போனால் அவருடைய இடத்தில் உட்காருவதற்கென்றே ஆட்கள் தயாராக நிற்பார்கள், நாற்காலி காலியாக இருப்பது உங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அப்படியிருக்க, 'இது இழுவை' என்று நீங்கள் சொன்னால் அதைவிடச் செல்லுபடியாகும் கருத்து வேறு யாருடையது? 1998-இல் அமெரிக்காவில் மட்டும் 5.5 கோடிப் பேருக்கு மேல் இந்த விழாவைப் பார்த்தார்கள், 2021-இல் அது 1 கோடியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. வந்ததும் போனதும் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள்தான். 1998-இல் போட்டியில் இருந்தது டைட்டானிக், வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பார்த்திருந்த படம் அது.

நீளத்தைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது தப்பில்லை. 2002-இல் விழா 4 மணி 23 நிமிடம் ஓடியது, அதில் அலுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மறுநாள் பட்டியல் பார்த்தால் போதும் என்கிறாரே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2017-இல் நடந்ததை யோசித்துப் பாருங்கள். சிறந்த படத்தை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பீட்டி உறையைப் பிரிக்கிறார், அட்டையைப் பார்க்கிறார், ஏதோ சரியில்லை என்று அவர் முகத்திலேயே தெரிகிறது, உறைக்குள் வேறு அட்டை இருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறார், தயங்குகிறார், பிறகு அட்டையைப் பக்கத்தில் நின்ற நடிகை ஃபே டன்அவேயிடம் காட்டுகிறார். அவர் அதில் கண்ணில் பட்ட படப் பெயரை, லா லா லேண்ட் என்று வாசித்துவிடுகிறார். ஒவ்வொரு விருதுக்கும் இரண்டு செட் உறை உண்டு, மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செட் இருக்கும். பீட்டியின் கைக்குப் போனது, லா லா லேண்ட் நாயகிக்கு ஏற்கெனவே அறிவித்து முடித்த சிறந்த நடிகை விருதுக்கான இரண்டாவது உறை. லா லா லேண்ட் தயாரிப்பாளர்கள் மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆட்கள் அங்கும் இங்கும் ஓடுகிறார்கள். கடைசியில் அந்தத் தயாரிப்பாளர்களில் ஒருவரே மைக் முன்னால் வந்து, ஜெயித்தது நாங்கள் இல்லை, மூன்லைட் என்று சொல்லி அட்டையைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டுகிறார். மறுநாள் பட்டியலில் இதெல்லாம் 'சிறந்த படம்: மூன்லைட்' என்ற ஒற்றை வரி. பீட்டியின் முகத்தைப் படிக்கச் சினிமா படித்திருக்க வேண்டியதில்லை, இரண்டு படங்களையும் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை.

2009-இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு விருதுகள் வாங்கினார், அந்த மேடையில் நின்று "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். அதை நேரலையில் கேட்டவர்களுக்கும், செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டவர்களுக்கும் கிடைத்தது ஒன்றல்ல. உங்கள் கணவருக்குப் பிடிக்கவில்லையென்றால் தூங்கட்டும், வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள். பிடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவரால் மற்றவர்கள் பார்ப்பதும் கெடும்.

சரி, இப்போது மருமகனின் பக்கம். 'இவருக்குக் கொடுத்திருக்கலாமே' என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது விழாவைப் பற்றிய கருத்து இல்லை, படத்தைப் பற்றிய தீர்ப்பு. ஐந்து பேர் நடித்த ஐந்து படங்களையும் பார்க்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. பெயர்களை வாசிக்கும்போது ஓடுகிற சில விநாடிக் காட்சியை வைத்தோ, அந்த நடிகரை முன்பே பிடிக்கும் என்பதை வைத்தோ நமக்கு வருவது ஒரு ஆசை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. "எனக்கு இவரைப் பிடிக்கும், இவருக்குக் கிடைச்சா சந்தோஷம்" என்று சொல்லுங்கள், அவனால் அதற்கு எந்த மறுப்பும் சொல்ல முடியாது. "இவருக்குக் கொடுக்காதது அநியாயம்" என்று சொன்னால் மட்டும், "நீங்க பார்த்தீங்களா அத்தை" என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

அவனிடம் ஒன்றை எடுத்துச் சொல்லலாம், குத்திக்காட்டுகிற மாதிரி இல்லாமல். ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமியில் விருதுக்கு ஓட்டுப் போடுகிற உறுப்பினர்களே, ஒரு பிரிவில் இருக்கிற எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு ஓட்டுப் போடலாம் என்ற விதி 2025 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது, 2026 விழாவுக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் பெரும்பாலான பிரிவுகளில் பார்த்தாரா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. தொண்ணூறு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பேசுகிற ஓர் அத்தையிடம் காட்டிய கறாரை அகாடமியே தன் உறுப்பினர்களிடம் காட்டியதில்லை. அதே சமயம், பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அகாடமியே கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறது என்பதால், இந்தச் செய்தி உங்களுக்கு எவ்வளவு சாதகமோ அவ்வளவு அவனுக்கும்தான்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அவனுக்கு எரிச்சல் வந்தது உங்கள் கருத்தால் இல்லாமல், நீங்கள் பேசிய நேரத்தால் இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில், நடிகர்கள் மேடைக்கு வந்தால் எல்லோரும் டிவியைப் பார்ப்பார்கள், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, குறும்படம் என்று வந்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள், ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவார். சினிமா படித்த பையன் காத்திருந்ததே அந்த விருதுகளுக்காக இருக்கும். வென்றவர்கள் பேசக் கிடைப்பது 45 விநாடி என்பது கணக்கு. 2023-இல் முதுமலையில் எடுத்த யானைக் குறும்படத்துக்கு ஆவணக் குறும்பட விருது கிடைத்தபோது, இயக்குநர் பேசி முடித்ததும் தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாயைத் திறப்பதற்குள் இசை எழும்பிவிட்டது, அவரால் பேசவே முடியவில்லை. 2022-இல் நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று எட்டு விருதுகளை ஒளிபரப்பு தொடங்கும் முன்பே கொடுத்துப் பதிவுசெய்து, பிறகு வெட்டிச் சேர்த்தார்கள், கடுமையான எதிர்ப்பு வந்தது, அடுத்த வருடமே எல்லா விருதும் நேரலைக்குத் திரும்பின. அந்த எட்டில் படத்தொகுப்பும் ஒலியும் குறும்படங்களும் அடக்கம். விழாவில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இவைதான். பெயர் தெரியாத ஒருவர் கை நடுங்க ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்து, கூட வேலை செய்தவர்களின் பெயர்களை ஒன்றையும் விடாமல் வாசிக்கப் பார்ப்பார், அதை நாம் பேச்சுச் சத்தத்தில் தவறவிடக் கூடாது. அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: வென்றவர் மைக் முன்னால் நிற்கும்போது யாரும் பேச வேண்டாம், மற்ற நேரமெல்லாம் இஷ்டம் போல். விளம்பர இடைவேளைக்குக் குறைவே இருக்காது.

உடையைப் பற்றிப் பேசுவதற்குக் கூச்சப்படாதீர்கள். பலர் பல நாள் வேலை செய்து, நாலு பேர் பார்த்துப் பேச வேண்டும் என்றே தயாராகிற உடைகள் அவை. உடம்பைப் பற்றி மட்டும் வேண்டாம், குண்டாகிவிட்டார், வயசு தெரிகிறது, மூக்கை மாற்றிக்கொண்டார் என்பதெல்லாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்பார்கள்.

விழா தொடங்கும் முன் எல்லோரும் ஆளுக்கொரு தாளில் யார் ஜெயிப்பார் என்று எழுதி வையுங்கள். சினிமா படித்தவன் ஜெயித்துவிடுவான் என்று பயப்பட வேண்டாம். சிறந்த படத்துக்கு உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள். முதலிடம் குறைவாக வாங்கிய படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றில் அடுத்து இருக்கிற படத்துக்குக் கொடுப்பார்கள், ஒன்று பாதியைத் தாண்டும் வரை இப்படியே போகும். சிலர் உயிரையே விடுகிற, சிலருக்கு அறவே பிடிக்காத படத்தைவிட, பலர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்த படம் முந்திவிட இதில் வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் எது ஒத்துப்போகும் என்று மோப்பம் பிடிப்பதில் உங்களைப் போன்ற ரசிகர்கள் சில சமயம் கெட்டிக்காரர்கள்.

அவன் எல்லோர் முன்னாலும் சொன்னது உங்களை வருத்தியிருக்கிறது, அது நியாயமான வருத்தம். அண்ணனிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்லாதீர்கள், சின்ன விஷயம் குடும்பப் பஞ்சாயத்து ஆகிவிடும். அவன் தனியாக இருக்கும்போது, "நீ சொன்ன விஷயம் சரியா தப்பான்னு அப்புறம் பேசலாம், எல்லாரையும் வச்சுக்கிட்டு சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சுப்பா" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம்.

பத்துப் பெரிய படங்களையும் பார்க்க எல்லோராலும் முடியாது, நேரமும் இல்லை, எல்லாம் கைக்கு எட்டும்படி கிடைப்பதும் இல்லை. குறும்படங்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் 40 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, அனிமேஷன் படங்கள் பல அதைவிட ரொம்பச் சின்னவை, சிலவற்றை இணையத்தில் இலவசமாகவே விடுகிறார்கள். ஒரு பிரிவில் ஐந்துதான். அந்த ஐந்தையும் பார்த்துவிட்டால், அந்த ஒரு விருதில் உங்கள் தீர்ப்பும் அவன் தீர்ப்பும் ஒரே எடைதான். பட்டியல் வழக்கமாக ஜனவரியில் வந்துவிடும், விழாவுக்கு அதற்கப்புறம் பல வாரம் இருக்கும். பட்டியல் வந்த அன்றே அவனுக்குப் போன் போட்டு, எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம் என்று கேளுங்கள்.