பிரவுன்ஸ் பட்டியலில் 1996–98 எங்கே?

அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸின் பருவவாரிப் பட்டியலை மென்பொருளில் தொகுக்கும்போது விடுபட்டதாக நீங்கள் கருதும் 1996, 1997, 1998 ஆகிய மூன்று வரிகளும் உண்மையில் விடுபட்டவை அல்ல. அந்த ஆண்டுகளில் அணி களமிறங்கவே இல்லை.

உரிமையாளர் ஆர்ட் மொடெல் வீரர்களைப் பால்டிமோருக்குக் கொண்டு சென்றபோது, 1996 பிப்ரவரியில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி பெயர், நிறங்கள், பழைய பதிவுகள் அனைத்தும் கிளீவ்லாந்துக்கே விடப்பட்டன. பால்டிமோரில் அந்த வீரர்களோடு உருவான ரேவன்ஸ் புதிய அணியாகவே கணக்கில் சேர்ந்தது. ஊர் மாறும் அணியோடு வரலாறும் போவதே வழக்கம் என்பதால், உங்கள் மென்பொருள் இரண்டையும் ஒரே அணியாக இணைக்க முயன்றிருக்கக்கூடும்.

1995ஆம் ஆண்டு வரியை (5 வெற்றி, 11 தோல்வி) அடுத்து நேராக 1999 (2 வெற்றி, 14 தோல்வி) வருகிறதா என்று பாருங்கள். இடையில் 4 வெற்றி, 12 தோல்வி என்றிருந்தால் அது ரேவன்ஸின் முதல் பருவம், நீக்கிவிடலாம்.

பட்டங்களைக் கூட்டும்போது மட்டும் கவனம் தேவை. 1946 முதல் 1949 வரை பிரவுன்ஸ் ஆடியது இன்று அவர்கள் ஆடும் என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) என்பதில் அல்ல, அதற்குப் போட்டியாக இருந்த ஏ.ஏ.எஃப்.சி. என்ற வேறொரு லீக்கில். அதன் நான்கு பட்டங்களையும் அவர்களே வென்றார்கள், 1948இல் ஒரு தோல்வியும் இல்லாமல். அவற்றைச் சேர்த்தால் மொத்தம் எட்டு; சேர்க்காவிட்டால் 1950, 1954, 1955, 1964 என நான்குதான்.