கேமரா போகாத கட்டு

கேள்வி: எனக்கு செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கம். 1940 வாக்குல எங்க ஊர்ல நடக்குற மாதிரி ஒரு நாவல் எழுதுறேன். மூடு வரட்டும்னு ராத்திரி ஒரு பீரியட் படம் போட்டுப் பாக்குறேன், பாக்கப் பாக்க எழுதணும்னு வெறி வருது, படம் முடிஞ்சா மணி ஒண்ணு, படுத்துர்றேன். நாவல் மூணாவது அத்தியாயத்துலயே நிக்குது. இந்தப் படங்க எழுத்துக்கு நல்லதா கெட்டதா? முதல் அத்தியாயம் இதோட வச்சிருக்கேன்.

பதில்: படம் பாருங்க தம்பி, எனக்கும் பீரியட் படம்னா உசுரு. அரிக்கேன் வெளிச்சத்துல ஒரு மூஞ்சி எப்படித் தெரியும், மாட்டுவண்டில இருந்து ஒரு அம்மா எப்படி இறங்குவாங்க, இதெல்லாம் படத்துல பாத்தாத்தான் மனசுல நிக்கும். ஆனா உங்க அத்தியாயத்த ரெண்டு தடவ படிச்சேன். முதல் மூணு பக்கமும் ஆத்தங்குடி கல்லு, பர்மா தேக்குத் தூணு, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவரு, வளவுக்குள்ள, அதான் நடு முத்தத்துல, விழுற வெயிலு. கேமரா மெதுவா உள்ள வருது. ஆளு வர்றது நாலாம் பக்கத்துலதான். படத்துல இது பத்து செகண்டு, பின்னால மியூசிக் வேற இருக்கும், பேப்பர்ல மூணு பக்கம் யாரு தாங்குவா? ராத்திரி நேரம் போறத விட இதுதான் பெரிய கேடு, படம் உங்க கண்ண எடுத்துக்கிட்டு அதோட கண்ணக் குடுத்துட்டுப் போயிருச்சு.

நம்ம வீடுகள சினிமாக்காரங்க ஜமீன் அரண்மனையாவே காட்டுறாங்க, முகப்பும் வளவும்தான் அவங்களுக்கு வேணும். உங்க கதை அதுக்குப் பின்னால இருக்கு. அந்தக் காலத்துல நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுல கல்யாணமான மகன வேறு வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒரே கூரை, ஒரே வளவு, ஆனா ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு சோடிக்கும், தனி அறை, தனி அடுப்பு, வருசத்துக்கு இவ்வளவு நெல்லு, இவ்வளவு பணம்னு பெரியவர் அளந்து குடுத்துருவாரு. நாலு மருமக நாலு அடுப்பு மூட்டுற வீட்டுல ஒருத்தி அடுப்பு மட்டும் ஒருநாள் புகையலன்னா அது எத்தன பேரு கண்ணுல படும், எவ வந்து கேப்பா, எவ கேக்காமப் போவா? எந்தப் படத்துலயும் நான் இதப் பாத்ததில்ல, எல்லாரையும் ஒரே பந்தில உக்கார வச்சு பெரிய கூட்டுக் குடும்பம்னு முடிச்சிர்றாங்க. அவ புருசன் கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டி வியாபாரம் பாக்க, போயி மூணு வருசக் கணக்குல ரங்கூன்ல இருக்காரு, 1942 மார்ச்சுல ஜப்பான்காரன் ரங்கூனப் புடிச்சிட்டான், கடுதாசி நின்னு போச்சு. அந்த அறைக்குள்ள என்ன பேச்சு நடந்திருக்கும்? அத எழுத நீங்க மட்டும்தான் இருக்கீங்க.

இன்னொண்ணு, அந்தக் காலத்தப் பத்தி எடுத்த படத்த விட அந்தக் காலத்துலயே எடுத்த படம் உங்களுக்கு அதிகம் குடுக்கும். ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடி பக்கம் நம்ம தேவகோட்டை ரஸ்தால இருந்தப்ப எடுத்தது 'நாம் இருவர்', 1947-ல வந்துச்சு. பாரதி பாட்டுக்காக, டி.கே. பட்டம்மாள் குரலுக்காக எல்லாரும் பாப்பாங்க, நீங்க வேற ஒண்ணுக்காகப் பாருங்க: பெரியவங்க முன்னால எப்படி நிக்கிறாங்க, எந்த இடத்துல இழுத்துப் பேசுறாங்க, துண்டு எங்க கெடக்கு. அவங்களுக்கு அது பீரியட் இல்ல, அன்னைக்கு நடப்பு, அதனால யாரும் ஜோடிச்சு வைக்கல.

அப்புறம் உங்க வீட்டுப் பரண்ல முறைச்சிட்டையோ (கல்யாணச் சீரு, முறை எழுதி வச்ச சிட்டை) பழைய கணக்கு நோட்டோ இருந்தா இறக்குங்க. தொண்ணூறு தாண்டுன ஆச்சி யாராவது தெருவுல இருந்தா, மத்தியானம் அவங்க கண்ணசந்து எந்திரிச்சப்புறம் போயி உக்காருங்க. வீடு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீக, அதான் நிக்குதே. யாரு அடுப்புல யாரு நெருப்பு வாங்குனாக, யாரு யாரோட பேசாம இருந்தாக, கடுதாசி வந்தா யாரு படிச்சுக் காட்டுனாகன்னு கேளுங்க. சொன்னத அன்னைக்கு ராத்திரியே எழுதிருங்க, படத்த மறுநாளு பாத்துக்கலாம்.